வண்டி வற்ற வேண்டுமா, வயிறு பலப்பட வேண்டுமா?



மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் கணக்குக் கொப்பியை மூடிய பின்னர்தான் சில கேள்விகள் வெளியே வரும். வாழ்வாதாரக் கடன், காணிப் பத்திரம், பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாவற்றையும் கதைத்து முடித்த பிறகு, ஒருவர் என்னைச் சற்று அப்பால் அழைத்துச் சென்று மெதுவாகக் கேட்பார். "தங்கச்சி, இந்த வண்டியைக் குறைக்க ஏதும் எக்ஸசைஸ் இருக்கோ?" கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். "எங்களுக்கு இருக்கிற பிரச்சினைக்குள்ளே இதுவும் ஒரு கதையோ எண்டு நினைக்காதேயுங்கோ" என்றும் சொல்வார்.

நான் அப்படி நினைப்பதில்லை. வீட்டை, உறவை, உடலின் ஓர் அங்கத்தையே இழந்த பெண்ணுக்கும் தன் உடலைப் பற்றி அக்கறைப்பட உரிமை இருக்கிறது. அந்தக் கேள்வியின் அடியில் வேறு பல விடயங்களும் கிடக்கின்றன. ஒருவருக்கு நாரி நோ. ஒருவருக்கு இருமினால் சலம் கசிகிறது. இன்னொருவருக்கு ஊர் வாய்க்குப் பயம். எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அவர்கள் 'வண்டி' என்ற ஒரு சொல்லில் சொல்கிறார்கள். ஆகவே இம்மாதம் அந்த வண்டியைப் பற்றியே கதைப்போம். நான் வைத்தியர் அல்ல. சமூகவியல் படித்துவிட்டுக் கிராமங்களில் வேலை செய்பவள். வைத்தியர்களும் குடும்ப நல உத்தியோகத்தர்களும் சொல்லித் தருவதை எங்கள் வாழ்க்கையோடு பொருத்திச் சொல்வதே என் வேலை.

எங்கள் வயிற்றை யார் பார்க்கிறார்கள்?

ஓர் ஆணுக்கு வயிறு முன்தள்ளினால் அது வசதியின் அடையாளம். புதிதாய் மணமான பெண்ணுக்கு வயிறு சற்றுத் தெரிந்தால் "ஏதும் விசேசமோ?" என்று கேட்பார்கள். கணவனை இழந்த அல்லது கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்ணின் வயிறு சற்றுப் பெருத்தால், ஊர் எதையும் கேட்பதில்லை. தங்களுக்குள் கதைக்கும். குடும்பத்தைத் தனியே தலைமை தாங்கும் பெண் யாரோடு கதைக்கிறாள், எத்தனை மணிக்கு வீடு வருகிறாள் என்று கணக்குப் பார்க்கும் கண்கள், அவள் வயிற்றையும் விட்டுவைப்பதில்லை.

சில வருடங்களுக்கு முன்னர் வன்னியில் ஒரு கிராமத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருந்தார். 2009இல் கணவனை இழந்தவர். இரண்டு பிள்ளைகள். கூட்டத்துக்கு வந்தால் கடைசி வரிசையில் இருந்து, கொண்டு வந்த பையை மடியில் வைத்துக்கொள்வார். பையை நிலத்தில் வைக்கவே மாட்டார். சில மாதங்களாக அவருடைய வயிறு பெருத்துக்கொண்டு வந்தது. ஊரில் கதை பரவியது. உறவினர் ஒருவர் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்த மகன் தாயோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் விட்டான். அக்கா என்ன செய்தார் தெரியுமா? இராச் சாப்பாட்டை நிறுத்தினார். பழைய சேலையைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டினார். பிள்ளைகள் நித்திரையான பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, யாரோ சொல்லிக் கொடுத்தபடி படுத்திருந்து எழும்பும் பயிற்சியை நூறு தடவை வரை செய்தார். வயிறு வற்றவில்லை. நோதான் கூடியது.

அப்பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தர்தான் அந்தப் பையைக் கவனித்து என்னிடம் சொன்னவர். இருவருமாகக் கதைத்து அவரை வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றோம். ஸ்கான் எடுத்தபோது சூலகத்தில் கட்டி என்று தெரிந்தது. சத்திரசிகிச்சை செய்து அகற்றினார்கள். நல்ல காலம், அது புற்றுநோய்க் கட்டி அல்ல. இன்று அவர் சுகமாகத் தோட்டம் செய்கிறார். ஆனால் வெட்கத்தால் வீணான அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறும். கட்டி வேறு விதமானதாக இருந்திருந்தால், அந்த மாதங்களுக்கு அவர் உயிரையே விலையாகக் கொடுத்திருக்கக்கூடும். கதைத்த வாய்களில் ஒன்றுகூட அவரிடம் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை.

இதனால்தான் சொல்கிறேன். வயிற்றை ஒளிப்பதற்காக எதையும் செய்யாதீர்கள். முதலில் அது ஏன் பெருத்திருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

வண்டி எங்கிருந்து வருகிறது?

பொதுவாக மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று கொழுப்பு. தோலுக்குக் கீழே படியும் கொழுப்பு ஒரு வகை. குடல், ஈரல் ஆகியவற்றைச் சுற்றி உள்ளே படியும் கொழுப்பு இன்னொரு வகை. இந்த உட்கொழுப்புத்தான் சீனி வருத்தத்துக்கும் பிறசருக்கும் இருதய வருத்தத்துக்கும் வழி திறப்பது. மாதவிடாய் நிற்கும் காலத்தை அண்மிக்கும்போது, முன்பு இடுப்பிலும் தொடையிலும் படிந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்கும். 2009இல் முப்பது வயதாக இருந்தவர்கள் இன்று நாற்பதைத் தாண்டி நிற்கிறோம் என்பதை மறக்கக்கூடாது. நீண்டகால மன அழுத்தத்துக்கும் நித்திரைக் குறைவுக்கும்கூட வயிற்றுக் கொழுப்போடு தொடர்பு உண்டு. அவை எங்களுக்குப் புதியனவா?

இரண்டு தசை. வயிற்றின் முன்பக்கத்தில் இரண்டு நீண்ட தசைகள் பக்கம் பக்கமாக மேலிருந்து கீழே இறங்குகின்றன. கர்ப்ப காலத்தில் பிள்ளை வளர வளர அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகும். பெரும்பாலானோருக்குப் பிரசவத்தின் பின் வரும் வாரங்களில் அவை மீண்டும் நெருங்கிவிடும். சிலருக்கு அந்த இடைவெளி வருடக்கணக்காக நிற்கும். உடம்பு மெலிந்திருந்தும் தொப்புளைச் சுற்றி வயிறு மட்டும் முன்தள்ளி நிற்கிறதே என்று கவலைப்படுபவர்கள் பலருக்கு இதுவே காரணம். 31 நாள் துடக்குக் கழியும் வரையாவது பாயில் ஓய்வாகக் கிடந்து, பத்தியக்கறி சாப்பிட்டுத் தேறுவது எங்கள் வழக்கம். போர்க் காலத்தில் பதுங்குகுழியிலும், இடம்பெயர்ந்த வழியிலும், நலன்புரி முகாம்களிலும் பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த ஓய்வு எங்கே கிடைத்தது? பெற்ற சில நாட்களில் தண்ணீர்க் குடம் தூக்கியவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்!

மூன்று நோய். அந்த அக்காவுக்கு வந்ததைப் போன்ற கட்டிகள், வயிற்றில் நீர் சேருதல், குடலிறக்கம் என்பன. இவற்றைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

தசையையும் கொழுப்பையும் வீட்டிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். முழங்காலை மடித்து மல்லாந்து படுங்கள். தொப்புளுக்குச் சற்று மேலே விரல்களைக் குறுக்காக வையுங்கள். தலையையும் தோளையும் சிறிது உயர்த்துங்கள். இரண்டு விளிம்புகள் இறுகுவது தெரியும். நடுவே இரண்டு விரலுக்கு மேல் இறங்கினால் தசை விலகல் இருக்கக்கூடும். தொப்புளுக்குக் கீழும் இப்படிப் பாருங்கள். அடுத்து, தையல் நாடாவை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளவுங்கள். ஆசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், அதாவது ஏறக்குறைய முப்பத்தொன்றரை அங்குலம், எல்லையாகக் கொள்ளப்படுகிறது. அதற்கு மேலென்றால் கிளினிக்கில் சீனியும் பிறசரும் பார்ப்பது அவசியம்.

கிணற்றில் ஒரு பக்கம் மட்டும் அள்ள முடியுமா?

வயிற்றுக்குப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்புக் கரையும் என்பது பரவலான நம்பிக்கை. அது சரியல்ல. கிணற்றின் ஒரு பக்கத்தில் நின்று அள்ளினால் அந்தப் பக்கத்து நீர் மட்டும் வற்றுவதில்லை. முழுக் கிணறும் சேர்ந்தே இறங்கும். உடலும் அப்படித்தான். சேமித்த கொழுப்பை எங்கிருந்து எடுப்பது என்பதை உடலே தீர்மானிக்கிறது. கொழுப்புக் குறைய வேண்டுமானால் முழு உடலும் அசைய வேண்டும். உணவும் திருந்த வேண்டும். வயிற்றுப் பயிற்சி செய்வது தசைக்காக. தசை பலப்பட்டால் வயிறு உள்ளே தாங்கி நிற்கும். நாரிக்குப் பாரம் குறையும்.

'7 நாளில் வண்டி வற்றும்' என்று கைத்தொலைபேசியில் வரும் தேயிலைப் பைக்கற்றுகள், பெல்ற்றுகள், பூச்சுகள் பற்றியும் எச்சரிக்கையாக இருங்கள். சீட்டுக்காசில் பெல்ற் வாங்கியவரை எனக்குத் தெரியும். பெல்ற்றால் கொழுப்புக் கரையாது. வியர்வையாகப் போவது தண்ணீர்தான். மெலிவுத் தேயிலைகள் பலவற்றில் இருப்பது பேதி மருந்து. அதில் போவதும் தண்ணீரே. உடல் மெலிய என்று விற்கப்பட்ட சில பொருட்களில் சிபுட்ரமின் என்ற மருந்து மறைத்துக் கலக்கப்பட்டிருப்பது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இருதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்ட மருந்து அது.

சேலையால் இறுக்கிக் கட்டுவதும் அப்படியே. பிரசவத்தின் பின் இதமாகத் தாங்கும்படி கட்டுவது வேறு. மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழ்நோக்கிப் போய், ஏற்கனவே தளர்ந்திருக்கும் கருப்பையையும் சலப்பையையும் இன்னும் கீழே தள்ளும்.

பாயில் செய்யும் பயிற்சிகள்

"நாள் முழுக்க வேலை செய்யிறம், பிறகென்ன எக்ஸசைஸ்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நாற்று நடும்போதும், தையல் மெசினில் இருக்கும்போதும், ஆடைத்தொழிற்சாலையில் நிற்கும்போதும் ஒரே நிலையில் பல மணித்தியாலம் இருக்கிறோம். நாரி தாங்குகிறது, வயிற்றின் உள்தசை வேலையின்றிச் சும்மா இருக்கிறது. அதை எழுப்பப் பத்து நிமிடம் போதும். ஒரு பாயும் சாத்தக்கூடிய கதவும் இருந்தால் சரி.

முதலாவது, மூச்சுப் பயிற்சி. முழங்காலை மடித்து மல்லாந்து படுங்கள். மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி, தொப்புளை முதுகெலும்பை நோக்கி உள்ளிழுங்கள். ஐந்து எண்ணும் வரை பிடியுங்கள். அப்போது மூச்சை அடக்க வேண்டாம், இயல்பாக விடுங்கள். பத்துத் தடவை.

இரண்டாவது, நாரியை அழுத்துதல். அதே நிலையில், நாரிக்கும் பாய்க்கும் நடுவே உள்ள இடைவெளி மறையும்படி நாரியைப் பாயோடு அழுத்துங்கள். ஐந்து எண்ணி விடுங்கள். பத்துத் தடவை.

மூன்றாவது, குதிக்கால் சறுக்கல். வயிற்றை உள்ளிழுத்தபடி ஒரு குதிக்காலைப் பாயில் உரசிக்கொண்டு மெல்ல நீட்டி, மீண்டும் மடியுங்கள். நாரி பாயைவிட்டு எழக்கூடாது. காலுக்குப் பத்துத் தடவை.

நான்காவது, இடுப்பை உயர்த்துதல். பாதங்களை ஊன்றி, மூச்சை விட்டபடி இடுப்பைத் தூக்கி, ஐந்து எண்ணி இறக்குங்கள். எட்டு அல்லது பத்துத் தடவை.

ஐந்தாவது, அடித்தசைப் பயிற்சி. சலத்தையும் காற்றையும் ஒருசேர அடக்குவதுபோல உள்ளே இறுக்குங்கள். ஐந்து எண்ணி, முழுமையாகத் தளர்த்துங்கள். பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. சலம் போகும்போது இதைச் செய்து பார்க்க வேண்டாம். இருமும்போதும் தும்மும்போதும் கசிவு உள்ளவர்களுக்கு இதுவே முதல் மருந்து. பஸ்ஸில் இருந்தும் செய்யலாம், யாருக்கும் தெரியாது.

தசை விலகல் உள்ளவர்கள், படுத்திருந்து நேரே எழும்பும் பயிற்சியை இப்போதைக்குத் தவிர்ப்பது நல்லது. பயிற்சியின்போது வயிற்றின் நடுவில் கூம்புபோல ஒரு மேடு எழுந்தால் அந்தப் பயிற்சி உங்களுக்குக் கடினம் என்று பொருள், அதை நிறுத்துங்கள். பாயைவிட்டு எழும்போதும் ஒரு பக்கம் புரண்டு, கையை ஊன்றி எழும்புங்கள்.

காலை இழந்த சகோதரிகளும், நிலத்தில் படுக்க முடியாதவர்களும் முதலாம், ஐந்தாம் பயிற்சிகளைக் கதிரையில் நிமிர்ந்திருந்து செய்யலாம். செயற்கைக் கால் பாவிப்பவர்களுக்கு நாரி நோ அடிக்கடி வருவதால், இயன்மருத்துவரிடம் கேட்டுத் தங்களுக்கேற்ற பயிற்சிகளைப் பெற்றுக்கொள்வது பயன் தரும்.

வேலையோடு வேலையாக

பயிற்சியில் பழகியதை வேலைக்குள் கொண்டுவந்தால்தான் முழுப் பயன். வாளியோ குடமோ தூக்குமுன் வயிற்றை உள்ளிழுத்து, முழங்காலை மடித்து, மூச்சை வெளியே விட்டபடி தூக்குங்கள். ஒரு பெரிய குடத்தை இடுப்பில் வைத்துச் சரிந்து நடப்பதைவிட, இரண்டு சிறிய வாளிகளை இரு கையிலும் கொண்டு போவது நாரிக்கு நல்லது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 தொடக்கம் 300 நிமிடம் மிதமான உடலசைவு வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும் வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் அரை மணித்தியாலம் வேகமாக நடந்தால் 150 நிமிடம் ஆகிவிடும். சைக்கிள் ஓடுவதும், தோட்டம் கொத்துவதும் கணக்கில் சேரும்.

சாப்பாட்டை விடாதீர்கள். பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். வயிறு இன்னும் தளரும். குறைக்க வேண்டியது சீனி. ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 5 கிராம். தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி வீதம் நாளைக்கு ஐந்து தேத்தண்ணி குடித்தால் 50 கிராம். நாளைக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. முதல் வாரம் ஒன்றரைக் கரண்டி, அடுத்த வாரம் ஒன்று என்று படிப்படியாகக் குறைத்தால் நாக்குப் பழகிவிடும். பாணும் கோதுமை மா றொட்டியும் மூன்று நேரமும் வேண்டாம். முருங்கை இலை, பொன்னாங்காணி, பயறு, குரக்கன், நெத்தலி என்பன கோப்பையில் கூடட்டும். சோறு கொஞ்சம் குறையட்டும். 2022இன் நெருக்கடியில் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் வெறும் தேத்தண்ணியோடு படுத்த தாய்மார் பலர். அந்தப் பழக்கம் இன்னும் தொடர்ந்தால், அதை இன்றோடு விடுங்கள்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

சில வாரங்களிலோ மாதங்களிலோ வயிறு வேகமாகப் பெருத்தால். கொஞ்சம் சாப்பிட்டவுடன் வயிறு நிறைந்தால். அடிவயிற்றில் நோ நின்றபாடில்லை என்றால். அடிக்கடி சலம் வந்தால். உடம்பு மெலிய வயிறு மட்டும் பெருத்தால். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டால், 'வாய்வு' என்று ஓமத்தண்ணி குடித்துக்கொண்டு இராதீர்கள். சிசேரியன் செய்தவர்கள் ஆறு தொடக்கம் எட்டு வாரம் கழிந்து, கிளினிக்கில் கேட்ட பின்னரே வயிற்றுப் பயிற்சிகளைத் தொடங்க வேண்டும். வயிற்றில் காயப்பட்டு சத்திரசிகிச்சை செய்தவர்களும், செல் துண்டு இன்னும் உள்ளே இருப்பவர்களும், குடலிறக்கம் உள்ளவர்களும், கீழே ஏதோ இறங்குவதுபோல உணர்பவர்களும் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குகள் இலவசமானவை. 1996இல் எமது நாட்டில் தொடங்கப்பட்ட சேவை இது. முப்பத்தைந்து வயதானவர்கள் அங்கே கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும். எந்த நாளில் நடக்கிறது என்பதை உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தர் சொல்வார். மணமாகாதவர், கணவனை இழந்தவர் எல்லோரும் போகலாம். பிள்ளை பெறுவோருக்கு மட்டும் உரிய இடம் அல்ல அது. தனியே போக வெட்கமென்றால் இரண்டு பேராகப் போங்கள்.

இறுதியாக ஒன்று. பக்கத்து வீட்டுப் பெண்ணின் வயிறு சற்றுப் பெரிதாகத் தெரிந்தால், வேலியோரம் நின்று கதை கட்டாதீர்கள். அவள் வீட்டுப் படலையைத் திறந்து போய், "சுகமில்லையோ? கிளினிக்குக்குப் போனீங்களோ? நான் கூட வரட்டோ?" என்று கேளுங்கள். எந்தப் பயிற்சியையும்விட இந்த மூன்று கேள்விகள் பல பெண்களைக் காப்பாற்றும். உங்கள் குறிச்சியில் நான்கு பேராவது சேர்ந்து, பின்னேரத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் பாய் விரித்து இப்பயிற்சிகளைத் தொடங்குங்கள். மூன்று மாதம் கழித்து நாடாவால் அளந்து பாருங்கள். நாடா ஓர் அங்குலம் குறைந்திருக்கலாம், குறையாமலும் இருக்கலாம். ஆனால் கிணற்றடியில் வாளியைத் தூக்கும்போது உங்கள் நாரி உண்மையைச் சொல்லும்.

அடுத்த மாதம் நித்திரையின்மை பற்றிக் கதைப்போம்.